அஞ்சல் வழிப்படங்களைத் தானாகப் புதுப்பித்தல்: யுயுசிபி வலைப்பின்னல் தரும் சான்று

மின்னஞ்சல் அனுப்புவோர் இன்று பெறுநரின் முகவரியை மட்டுமே எழுதுகின்றனர். அக்கடிதம் எவ்வழியே செல்லும் என்பதை அவர்கள் அறிய வேண்டியதில்லை. 1980களில் யூனிக்ஸ் கணினிகளைத் தொலைபேசி வழியே இணைத்த யுயுசிபி வலைப்பின்னலில் இந்த வசதி இருக்கவில்லை. கடிதம் கடக்க வேண்டிய கணினிகளின் பெயர்களை அனுப்புபவரே வரிசையாக எழுத வேண்டியிருந்தது. இச்சுமையை மனிதரிடமிருந்து இறக்கி வைக்க அஞ்சல் வழிப்படங்கள் தோன்றின. அப்படங்களைக் கையால் புதுப்பிக்கும் சுமையை இறக்கி வைக்கத் தானியங்கு நிரல்கள் தோன்றின. இந்த இரண்டாம் படிநிலையே இக்கட்டுரையின் பொருள். படத்தைத் தானாகப் பரப்புவது ஒரு செயல். அப்படம் உண்மையைச் சொல்வது மற்றொரு செயல். முன்னது முடிந்துவிட்டால் பின்னதும் முடிந்துவிட்டதாகக் கருதியதில்தான் பல கடிதங்கள் வழிதவறின.

வழியே முகவரியான காலம்

யுயுசிபி என்பது ஒரு யூனிக்ஸ் கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளைப் படியெடுக்கும் நிரல்தொகுதி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக் லெஸ்க் இதன் முதல் வடிவத்தை எழுதினார். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் அது பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் சென்றது. இரு கணினிகளுக்கிடையே நிலையான இணைப்பு எதுவும் தேவையில்லை. குறித்த நேரத்தில் ஒரு கணினி மோடம் மூலம் மற்றொன்றைத் தொலைபேசியில் அழைக்கும். தேங்கியிருக்கும் கோப்புகளைக் கொடுத்தும் வாங்கியும் முடித்தபின் அழைப்பைத் துண்டிக்கும். கட்டணம் குறைந்த இரவு நேரமே பெரும்பாலான அழைப்புகளுக்கு உரியது. நேரடி அழைப்பு இல்லாத கணினிக்குக் கடிதம் செல்ல வேண்டுமாயின், இடையிலுள்ள கணினிகள் ஒவ்வொன்றும் அதைப் பெற்று, தேக்கி, அடுத்த அழைப்பில் தள்ளிவிட வேண்டும்.

இதனால் முகவரி என்பதே ஒரு பயண வரிசையாயிற்று. கணினிப் பெயர்களுக்கிடையே வியப்புக்குறி இட்டு, இறுதியில் பெறுநரின் பெயரை எழுதுவது வழக்கம். முதலில் 'அ'விடம் கொடு, அது 'ஆ'விடம் கொடுக்கட்டும், அங்கே இன்னாரிடம் சேர்க்கட்டும் என்பதே அதன் பொருள். ஆற்றுப்படை இலக்கியம் பயின்றோர்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. வழி தெரிந்தவர் தெரியாதவருக்கு இடையிலுள்ள நிலங்களை வரிசையாகச் சொல்லி அனுப்பும் முறை அது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாணனை ஆற்றுப்படுத்துபவன் அவ்வழியே நடந்து பரிசில் பெற்று வந்தவன். யுயுசிபி பயனர் பெரும்பாலும் அந்த வழியைக் காணாதவர்.

ஒரே பெறுநருக்கு எழுதுவோர் இருவர் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் அவர்கள் எழுதும் முகவரிகளும் வெவ்வேறாக இருக்கும். ஆகவே தம் முகவரியைப் பிறருக்கு அறிவிப்போர், எல்லோரும் அறிந்த ஒரு பெரிய மையக் கணினியிலிருந்து தொடங்கி எழுதினர். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஏடி அண்டு டி நிறுவனம் வைத்திருந்த ஐஎச்என்பி4, நில அதிர்ச்சி ஆய்வு மையமொன்றின் சைஸ்மோ, டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்வேக்ஸ், ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தின் எம்சிவேக்ஸ் ஆகியவை அத்தகைய மையங்கள். அங்கு வரை வந்து சேர்வது அனுப்புபவரின் பொறுப்பு; அதன்பின் உள்ள வழி முகவரியிலேயே இருக்கும். பிறருடைய கடிதங்களுக்காகத் தொலைபேசிக் கட்டணம் செலுத்திய இம்மையங்களின் பெருந்தன்மையே வலைப்பின்னலைத் தாங்கி நின்றது. அப்பெருந்தன்மை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டதன்று.

படத்தில் எழுதப்பட்டது என்ன

மார்க் ஹார்ட்டன் முன்னின்று தொடங்கிய யுயுசிபி வழிப்படத் திட்டம், வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கணினியையும் பதிவு செய்ய முற்பட்டது. ஒவ்வொரு கணினியின் நிர்வாகியும் தம் கணினியைப் பற்றிய குறிப்பைத் தாமே எழுதி அனுப்ப வேண்டும். தன்னார்வலர்கள் அவற்றை நாடு, மாநிலம் வாரியாகத் தொகுத்துக் கோப்புகளாக்கினர். கணினியின் பெயர், எந்திர வகை, நிறுவனம், பொறுப்பாளர் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், அஞ்சல் முகவரி, நில நேர்க்கோடு, அகலக்கோடு, குறிப்பைக் கடைசியாகத் திருத்தியவர் யார், எந்நாளில் என்பன அதில் இடம்பெற்றன. இவ்வரிகள் எல்லாம் மனிதர் படிப்பதற்கு உரியவை. நிரல் படிக்கும் பகுதி அவற்றுக்குக் கீழே இருந்தது: தன் கணினியின் பெயர், அதனை அடுத்து அது அழைக்கும் அண்டைக் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு மதிப்பு.

இச்செலவு பணத்தைக் குறிப்பதன்று. தாமதத்தையும் சிரமத்தையும் சேர்த்துக் கருதும் ஓர் அளவு. எண்ணாக எழுதாமல் சொல்லாக எழுதுவதே வழக்கம். ஒரே கட்டடத்துக்குள் உள்ள இணைப்பு 'லோக்கல்', அதன் மதிப்பு 25. தனிக்கம்பி இணைப்பு 'டெடிகேட்டட்', 95. வேண்டும்போது அழைக்கக்கூடியது 'டிமாண்ட்', 300. மணிக்கொரு முறை அழைப்பது 'அவர்லி', 500. நாளுக்கொரு முறை 'டெய்லி', 5000. வாரத்துக்கொரு முறை 'வீக்லி', 30000. நாளுக்கு 24 மணி நேரமாயினும் 'டெய்லி'யின் மதிப்பு 'அவர்லி'யைப் போல் 10 மடங்கே என்பது கவனிக்கத்தக்கது. இடையில் ஒரு கணினியைக் கூட்டினாலே கடிதம் தொலையும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு தண்டம் இம்மதிப்புகளிலேயே அடங்கியுள்ளது. மணிக்கொரு முறை பேசும் மூன்று கணினிகள் வழியே செல்லும் வழிக்கு மதிப்பு 1500. நாளுக்கொரு முறை பேசும் நேரடி இணைப்புக்கு 5000. நிரல் முன்னதையே தேரும்.

தன் அண்டையைப் படத்தில் அறிவிப்பது, முன்பின் அறியாதோரின் கடிதங்களைத் தன் செலவில் சுமக்க ஒப்புவதற்குச் சமம். இதை அஞ்சிய நிறுவனங்கள் சில இணைப்புகளை எழுதாமலே விட்டன. தன்வரை கடிதம் வரலாம், தன்னைக் கடந்து செல்லலாகாது என்று குறிக்கவும் படத்தின் இலக்கணத்தில் இடம் செய்யப்பட்டது.

பாத்அலியாஸ் நிரல்

வழிப்படக் கோப்புகளைப் படித்து வழிகளைக் கணக்கிடும் நிரல் பாத்அலியாஸ். ஸ்டீவன் பெலோவின், பீட்டர் ஹனிமன் ஆகிய இருவரும் அதை உருவாக்கினர். 1986இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அதனைப் பற்றிய கட்டுரையையும் அளித்தனர். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறுவழிக் கணக்கீட்டு முறையே இதன் அடிப்படை. தன் கணினியை வேராகக் கொண்டு, குறைந்த மொத்தச் செலவில் சென்றடையும் கணுக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஒரு மரத்தை வளர்த்துக்கொண்டே போவது அம்முறை. ஆயிரக்கணக்கான கணினிகள் இருந்தும் ஒவ்வொன்றுக்கும் அண்டைகள் சிலவே. ஆதலால் அக்காலத்துச் சிறிய எந்திரங்களிலும் கணக்கீடு தாங்கக்கூடிய நேரத்தில் முடிந்தது.

முடிவு ஒரு நீண்ட பட்டியல். இடப்பக்கம் இலக்குக் கணினியின் பெயர். வலப்பக்கம் அதற்குரிய வியப்புக்குறி வரிசை. வரிசையின் இறுதியில் பயனர் பெயரைப் பொருத்த ஒரு வெற்றிடக் குறி. அஞ்சல் நிரல் இப்பட்டியலில் பெயரைத் தேடி வழியைப் பொருத்திக்கொள்ளும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு சென்னையில் கணக்கிட்டால் ஒரு பட்டியலும் சிட்னியில் கணக்கிட்டால் வேறொரு பட்டியலும் கிடைக்கும். ஆகவே பட்டியலைப் பகிர்ந்துகொள்ள இயலாது. படத்தைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். தானியங்கு புதுப்பித்தலுக்கான தேவை இங்கே எழுகிறது.

இந்நிரலின் ஒரு நுணுக்கம் தனித்துச் சொல்லத்தக்கது. சிறிய கணினி ஒன்று தான் ஒரு பெரிய மையத்தை அழைப்பதாக எழுதியிருக்கும். அம்மையத்தின் குறிப்பிலோ அச்சிறு கணினியின் பெயர் இராது. படத்தை அப்படியே நம்பினால் அச்சிறு கணினிக்குச் செல்ல வழியே இல்லை. எந்த வழியும் கிட்டாத இத்தகைய கணினிகளுக்குப் பாத்அலியாஸ் தானே ஒரு மறுதிசை இணைப்பைக் கற்பித்துக்கொள்ளும். போக வழி உண்டெனில் வரவும் வழி இருக்கும் என்பது அதன் ஊகம். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எனினும் பட்டியலில் அச்சடித்தாற்போல் நிற்கும் வழிகளுள் சில எவரும் உறுதி செய்யாதவை என்பதைப் பயனர் அறிய வழியில்லை.

இரவில் இயங்கிய புதுப்பிப்பு

வழிப்படங்கள் யூஸ்நெட் செய்திக்குழு ஒன்றின் மூலம் பரவின. முதலில் அதன் பெயர் மாட்.மேப், 1986-87இல் செய்திக்குழுக்களுக்கெல்லாம் புதுப்பெயர் இட்டபின் காம்ப்.மெயில்.மேப்ஸ். கடிதங்களைச் சுமந்த அதே தொலைபேசி அழைப்புகளே கடிதங்களுக்கு வழிகாட்டும் படத்தையும் சுமந்தன. படத்தில் வந்த திருத்தம் தொலைவிலுள்ள கணினிக்குச் சேரப் பல நாள்கள் ஆகலாம். திருத்தத்தை எழுதியவர் அதைத் தொகுப்பாளருக்கு அனுப்பிய நாளும், தொகுப்பாளர் அடுத்த வெளியீட்டில் சேர்த்த நாளும் அதற்கு முன்னால் கூட்டப்பட வேண்டும். எனவே எந்தக் கணினியில் இருந்த படமும் கடந்த மாதத்து வலைப்பின்னலையே காட்டியது.

தொடக்கத்தில் நிர்வாகிகள் இச்செய்திகளைக் கையால் பிரித்து எடுத்தனர். நூற்றுக்கணக்கான கோப்புகள் சேர்ந்தபின் அது இயலாததாயிற்று. எனவே குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் யூனிக்ஸ் வசதியான கிரான் மூலம் இரவுதோறும் ஒரு சிறு நிரல் ஓடியது. செய்திக்குழுவின் அடைவில் நேற்றிரவுக்குப்பின் வந்த செய்திகள் எவை என்று அது பார்க்கும். ஒவ்வொன்றிலிருந்தும் படக்கோப்பைப் பிரித்து, அதே பெயருள்ள பழைய கோப்பின் இடத்தில் வைக்கும். எதுவேனும் மாறியிருந்தால் மட்டும் பாத்அலியாஸை இயக்கிப் பட்டியலைப் புதிதாக்கும். எழுதிப் பார்த்தால் இருபது முப்பது வரிகளில் அடங்கும் வேலை. ஆனால் அந்த வரிகளுக்குள் இரண்டு பெரும் பொறிகள் இருந்தன.

முதலாவது பிரித்தெடுக்கும் முறையிலேயே இருந்தது. படக்கோப்புகள் 'ஷார்' எனப்படும் வடிவில் கட்டப்பட்டு வந்தன. ஷார் கோப்பு தன்னைத்தானே பிரித்துக்கொள்ளும் ஒரு நிரல். யூனிக்ஸ் கட்டளை மொழியில் எழுதப்பட்டது. அதைப் பிரிப்பதற்கு எளிய வழி, அதைக் கட்டளை நிரலாக இயக்குவது. கையால் செய்யும்போது நிர்வாகி ஒருமுறை கண்ணோட்டிப் பார்த்த பின்பே இயக்குவார். இரவில் தானாக ஓடும் நிரலுக்குக் கண் இல்லை. தொலைவிலுள்ள எவரோ எழுதிய கட்டளைகளை, செய்திகளை ஆளும் கணக்கின் உரிமையோடு, சில இடங்களில் தலைமைக் கணக்கின் முழு உரிமையோடு, அது நிறைவேற்றும். செய்திக்குழுவுக்கு மட்டுறுத்துநர் உண்டு என்பது இதற்குக் காவல் ஆகாது. செய்தியின் தலைப்பகுதியில் ஒப்புதல் வரி ஒன்று இருக்கிறதா என்று மட்டுமே யூஸ்நெட் நிரல்கள் பார்த்தன. அவ்வரியை யாரும் தட்டச்சு செய்துவிடலாம். படத் திருத்தம் என்ற பெயரில் கோப்புகளை அழிக்கும் கட்டளை ஒன்றை அனுப்பினால், காம்ப்.மெயில்.மேப்ஸைத் தானாகப் பிரிக்கும் கணினிகள் எல்லாம் ஒரே இரவில் அதற்கு ஆட்படும்.

இதற்கு இரு வகைத் தீர்வுகள் கையாளப்பட்டன. ஒன்று, பிரிக்கும் நிரலை ஒரு தனி அடைவுக்குள் அடைத்து, அதற்கு வெளியே உள்ள எதையும் அது காணாதவாறு செய்வது. கூடவே உரிமை ஏதும் இல்லாத கணக்கில் அதை இயக்குவது. மற்றொன்று, வந்த கோப்பை இயக்கவே இயக்காமல், வெறும் எழுத்தாகப் படிப்பது. படக்கோப்பின் தொடக்கமும் முடிவும் எந்த உருவில் இருக்கும் என்பது முன்பே தெரியும். அவ்வுருவுக்கு இடைப்பட்ட வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கோப்புப் பெயர் எதிர்பார்த்த வடிவில் உள்ளதா என்று சோதித்து, மற்றவற்றைப் புறக்கணித்துவிடலாம். இரண்டாவது முறையே மேலானது. கட்டளையாக வந்ததைத் தரவாக மட்டும் கருதுவதால், ஏமாற்றுவோர் அதிகபட்சம் ஒரு பொய்யான படத்தைத்தான் தர இயலும். கணினியைக் கைப்பற்ற இயலாது.

இரண்டாவது பொறி, பாதியில் நின்ற புதுப்பிப்பு. அக்காலத்து வட்டுகள் சிறியன. படங்களும் பட்டியலும் சேர்ந்து சில மெகாபைட் இடத்தை விழுங்கின. பட்டியல் எழுதப்படும்போது வட்டு நிரம்பிவிட்டால், அகர வரிசையில் முற்பாதி மட்டும் எஞ்சும். மறுநாள் பிற்பாதிக் கணினிகளுக்கு எழுதிய கடிதமெல்லாம் திரும்பி வரும். கவனமான நிர்வாகிகள் புதுப் பட்டியலை வேறொரு பெயரில் எழுதினர். அது முடிந்ததா, பழையதைவிடப் பெருமளவு சிறுத்துவிட்டதா, அன்றாடம் கடிதம் செல்லும் சில கணினிகளுக்கு வழி உள்ளதா என்று சோதித்தபின்பே பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைத்தனர். யூனிக்ஸில் பெயர் மாற்றம் ஒரே நொடியில் முழுமையாக நிகழும் செயல். அஞ்சல் நிரல் பாதிப் பட்டியலைக் காணும் கணம் என ஒன்று இராது. சோதனை தவறினால் நேற்றைய பட்டியலே நிலைக்கும். ஒரு நாள் பழைய வழி பாதி வழியைவிட நல்லது.

உலகப் படத்துக்கு மேல் உள்ளூர்த் திருத்தக் கோப்பு ஒன்றையும் பாத்அலியாஸுக்குக் கொடுப்பது வழக்கம். ஓர் இணைப்பு செத்துவிட்டது, ஒரு மையத்தின் வழியே செல்வதற்கான செலவைக் கூட்டுக, இக்கணினியை நீக்குக என்றெல்லாம் அதில் எழுதலாம். தானியங்கு நிரல் அக்கோப்பைத் தொடாது. அண்டை வீட்டுத் தொலைபேசி பழுதானதைப் பக்கத்தில் இருப்பவரே முதலில் அறிவார் என்ற நடைமுறை அறிவு இதில் உள்ளது.

புதிய படமும் பழைய பிழையும்

பட்டியல் இரவுதோறும் தானாகப் புதுப்பிக்கப்பட்டதும், அதை வைத்திருந்த சில மையங்களுக்கு அதன்மீது அளவு கடந்த நம்பிக்கை வந்தது. இடைவழியில் வந்த கடிதத்தின் முகவரியில் அனுப்புநர் எழுதிய வழி நீளமாக இருந்தால், அதை நீக்கிவிட்டுத் தம் பட்டியலிலுள்ள குறுகிய வழியைப் பொருத்தின. வரிசையின் வலக்கோடியில் தமக்குத் தெரிந்த கணினி எதுவோ அதைப் பிடித்து, இடையிலுள்ளவற்றைத் தாண்டின. நல்லெண்ணத்தோடு செய்த இம்மாற்றம் யுயுசிபி உலகில் நெடுங்காலச் சச்சரவாக விளங்கியது. இணைப்பு ஒன்று பழுதென்று தெரிந்தே சுற்றுவழி எழுதியவரின் கடிதம் அப்பழுதான இணைப்புக்கே திருப்பிவிடப்பட்டது. சுற்றி வந்து தன்னிடமே சேருமாறு சோதனைக் கடிதம் அனுப்பியவருக்கு அது பாதி வழியிலிருந்தே திரும்பி வந்து, சோதிக்காத இணைப்பு நன்றாக இருப்பதாகக் காட்டியது.

பெயர்ச்சிக்கல் இதனினும் கொடியது. யுயுசிபியில் பெயர் வழங்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. டோல்கீன் கதைகளைப் படித்த மாணவர்கள் பலர் தம் கணினிக்கு 'பில்போ' என்று பெயரிட்டனர். பாத்அலியாஸ் கையேடே எடுத்துக்காட்டாக இப்பெயரைத்தான் காட்டியது. வழியை முழுதாக எழுதும் வரை இதனால் கேடில்லை. எந்தப் பில்போ என்பதை முன்னால் உள்ள பெயர்கள் தெளிவாக்கும். இடையிலுள்ள மையம் முன்பெயர்களை நீக்கிவிட்டால், கடிதம் வேறொரு நகரத்துப் பில்போவுக்குச் சென்று, அங்கே அதே பயனர் பெயருடைய வேறொருவரிடம் சேர்ந்துவிடக்கூடும். அனுப்பியவருக்குப் பிழைச்செய்தி வராது. ஒரு பெயரைத் தனக்குள் மட்டும் வழங்குவதாக அறிவிக்கும் ஏற்பாடு பாத்அலியாஸில் இருந்தது. ஆனால் அவ்வறிவிப்பை எழுத வேண்டியவர், தம் பெயரை வேறெவரும் கொண்டிருக்கிறார் என்று அறிந்தவராக இருக்க வேண்டும்.

இச்சச்சரவில் அனுப்புநர் பக்கமே நியாயம் மிகுதி. அனுப்புநர் வழியை எழுதாமல் பெயரை மட்டும் எழுதியிருந்தால் பட்டியலைப் பார்ப்பது மையத்தின் கடமை. வழியை எழுதியிருந்தால் அடுத்த கணினி வரை கொண்டு சேர்ப்பதோடு அதன் கடமை முடிகிறது. பின்னாளில் வந்த அஞ்சல் நிரல்களில் இதை நிர்வாகியே தேர்ந்துகொள்ள வழி செய்யப்பட்டது.

படம் தேவைப்படாத கணினிகள்

முழுப் படத்தையும் வைத்திருக்க இயலாத சிறு கணினிகள் வேறு வழியை நாடின. தமக்குத் தெரியாத முகவரி அனைத்தையும் படம் வைத்திருக்கும் பெரிய அண்டை ஒன்றிடம் ஒப்படைத்தன. அவ்வண்டைக்கு 'ஸ்மார்ட் ஹோஸ்ட்' என்று பெயர். அச்சொல் அஞ்சல் நிரல்களில் இன்றும் வழங்குகிறது. இந்தியாவின் தொடக்க கால நிலையும் ஏறக்குறைய இதுவே. 1986இல் தொடங்கிய எர்னெட் திட்டத்தில் எட்டு நிறுவனங்கள் பங்கேற்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அவற்றுள் ஒன்று. அத்திட்டம் முதலில் வழங்கிய சேவை யுயுசிபி அஞ்சலே. வெளிநாட்டுக் கடிதங்கள் பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் வாயில் வழியே சென்றன. ஒரே வாயில் உள்ள ஊருக்குப் படம் தேவையில்லை. வாயிலுக்கு வழி தெரிந்தால் போதும்.

வழியையும் பெயரையும் பிரித்து வைத்த களப்பெயர் முறை, படங்களின் தேவையைப் படிப்படியாகக் குறைத்தது. 1986 பிப்ரவரியில் மார்க் ஹார்ட்டனே எழுதிய ஆர்எஃப்சி 976 ஆவணம், யுயுசிபி கணினிகளும் களப்பெயர்களை ஏற்கும் முறையை வகுத்தது. அதே ஆண்டில் வந்த ஆர்எஃப்சி 974, ஒரு களத்துக்குரிய அஞ்சலை ஏற்கும் கணினி எது என்பதைக் கேட்டவுடன் அறியும் எம்எக்ஸ் பதிவின் பயன்பாட்டை விளக்கியது. படத்தை எல்லோரிடமும் படியெடுத்து வைப்பதற்குப் பதிலாக, வேண்டும்போது உரியவரிடமே கேட்கும் முறை அது. பதிவை மாற்றும் உரிமையும் பொறுப்பும் களத்துக்கு உரியவரிடமே இருப்பதால் இடைத் தொகுப்பாளர் தேவையில்லை. ஒரு பதிவை எவ்வளவு நேரம் நம்பலாம் என்ற கால அளவும் அதனுடனேயே வருகிறது. வழிப்படக் குறிப்பில் கடைசித் திருத்த நாள் இருந்தது. அது எந்நாள் வரை செல்லும் என்பது இருக்கவில்லை.

இணையத்தின் வழிநெறிப் பதிவேடுகளில் இச்சிக்கல் இன்றும் தொடர்கிறது. எந்த எண்தொகுதி எந்த வலைப்பின்னலுக்கு உரியது என்பதை நிறுவனங்கள் தாமே பதிவேடுகளில் எழுதுகின்றன. அவற்றைத் தானியங்கு நிரல்கள் படித்துத் திசைவிகளுக்கான வடிகட்டிகளை இரவுதோறும் உருவாக்குகின்றன. எழுதியோர் நிறுவனத்தை விட்டு விலகிய பின்பும் குறிப்புகள் அப்படியே கிடக்கின்றன. ஆர்பிகேஐ எனப்படும் கையொப்ப முறை, குறிப்பை எழுதியவருக்கு அவ்வுரிமை உண்டா என்பதைச் சரிபார்க்கிறது. கையொப்பத்துக்கு முடிவு நாளும் உண்டு. அந்நாள் வருமுன் நிலைமை மாறிவிட்டால், பழைய குறிப்பைத் திரும்பப் பெறுவது இப்போதும் அதை எழுதியவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலையாகவே உள்ளது.